ஏழு கோடிக் கேள்வி யாருக்காக? – கேபிசியைத் திருத்த ஒரு ரசிகனின் கணக்கு

எங்கள் வீட்டில் 'கௌன் பனேகா குரோர்பதி' பார்ப்பது ஒரு சடங்கு மாதிரி. அம்மாவுக்கு இந்தி அரைகுறை. ஆனாலும் அமிதாப் பச்சன் குரலுக்காகவே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஆட்டக்காரர் ஒரு பெரிய தொகையைத் தொட்டதும், "போதும் கண்ணு, எந்திரிச்சு வந்துரு" என்பார் திரையைப் பார்த்து. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு கேள்வி ஆடலாமே" என்பேன். பல வருஷமாக இந்தச் சண்டை ஓடுகிறது. ஒருநாள் எக்செல் தாளைத் திறந்து கணக்குப் போட்டேன். அம்மா ஜெயித்துவிட்டார். அந்தக் கணக்கும், அதிலிருந்து வந்த சில யோசனைகளும்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கொஞ்சம் வரலாறு. இங்கிலாந்தில் 1998-இல் ஐடிவியில் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' என்ற நிகழ்ச்சியின் இந்திய வடிவம்தான் கேபிசி. 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸில் வந்தது. 2007-இல் ஒரு சீசனை மட்டும் ஷாருக் கான் நடத்தினார். 2010-இல் சோனிக்கு மாறியது. தமிழில் 2012-இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' இதே குடும்பம்தான்.

இந்த 25 ஆண்டுகளில் கேபிசியில் செய்த மாற்றங்களைப் பட்டியலிட்டால் ஒரு விஷயம் தெரியும். பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் கை வைத்திருக்கிறார்கள். ஒன்று, லைஃப்லைன்: நண்பருக்குப் போன், நிபுணரைக் கேள், கேள்வியை மாற்று, டபுள் டிப் என்று வந்து வந்து போயின. இன்னொன்று, உச்சப் பரிசு: 2000-இல் 1 கோடி, 2005-இல் 2 கோடி, 2010-இல் 5 கோடி, 2013-இல் 7 கோடி. ஏணியின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். படிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. என் விமர்சனம் அந்த இடைவெளியைப் பற்றியது.

2018 சீசனை எடுத்துக்கொள்வோம். அசாமைச் சேர்ந்த பினிதா ஜெயின் 1 கோடி வென்றார். அடுத்தது 7 கோடிக் கேள்வி: 1867-இல் முதல் ஸ்டாக் டிக்கரைக் கண்டுபிடித்தவர் யார்? அவர் விலகிவிட்டார். வழக்கப்படி, "ஆடியிருந்தால் எதைச் சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டபோது அவர் தேர்ந்தெடுத்த விடை எட்வர்ட் கலஹான். சரியான விடை! பார்த்துக்கொண்டிருந்த நாடே 'அடடா' என்றது. நானும்தான்.

அவர் செய்தது தப்பா? சாதாரணச் சராசரிக் கணக்குப்படி, தப்பு. சரியாகச் சொன்னால் 7 கோடி. தவறினால் 3.2 லட்சத்துக்கு விழ வேண்டும். விலகினால் 1 கோடி நிச்சயம். எத்தனை சதவீதம் நம்பிக்கை இருந்தால் ஆடலாம்? 96.8-ஐ 696.8-ஆல் வகுத்தால் சுமார் 14 சதவீதம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே 25 சதவீதம் வாய்ப்பு. அதாவது, ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஆடு என்கிறது இந்தக் கணக்கு. ஆனால் 1 கோடியைத் தொட்டவர்களில் பெரும்பாலானோர் அங்கே எழுந்துவிடுகிறார்கள். எல்லாரும் முட்டாள்களா?

இல்லை. கணக்குதான் முட்டாள். டேனியல் பெர்னூலி 1738-இலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு ரூபாயின் மதிப்பு, அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவருக்கு அடுத்த ரூபாய் தரும் பயன் குறைவு. அதை அளக்க அவர் லாகரிதத்தைப் பயன்படுத்தினார். எக்செலில் ஒரே ஒரு பங்ஷன்தான், LN என்று போடுகிறோமே, எல்.என்., அதுவே.

இரண்டு ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்தேன். ஒருவரிடம் சொந்தமாக 5 லட்சம் இருக்கிறது. இன்னொருவரிடம் 5 கோடி. இருவரும் அதே ஹாட் சீட்டில், அதே 7 கோடிக் கேள்விக்கு முன்னால். லாகரிதக் கணக்குப்படி, 5 கோடிக்காரர் ஆடுவதற்கு 20 சதவீத நம்பிக்கை போதும். குருட்டாம்போக்கில் அடித்தாலே 25 என்பதால், அவர் எதுவும் தெரியாமலே ஆடலாம். 5 லட்சக்காரருக்கு 57 சதவீதம் வேண்டும். அதாவது, இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு 'இந்த இரண்டில் ஒன்று' என்ற நிலைக்கு வந்துவிட்டாலும், அவர் எழுந்திருப்பதே நியாயம்.

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதே கேள்வி, அதே மேடை, அதே பரிசு. ஆனால் ஏழை ஆட்டக்காரருக்கு மட்டும் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். சிறு ஊர்க்காரர், விவசாயி மகன், ஆசிரியை என்று ஆட்டக்காரரின் கஷ்டத்தைக் குறும்படமாகக் காட்டி, 'இங்கே அறிவு ஒன்றுதான் மூலதனம்' என்று சொல்லும் நிகழ்ச்சி இது. அதன் உச்சிக் கேள்வியில் மட்டும் வேறு ஒரு மூலதனமும் தேவைப்படுகிறது. நான் இவ்வளவு நீட்டிச் சொன்னதை அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "இருக்கிறவன் ஆடலாம் கண்ணு. இல்லாதவன் எந்திரிச்சுத்தான் ஆகோணும்."

2011-இல் மாதம் சுமார் 6,000 ரூபாய் சம்பளத்தில் இருந்த பீகாரின் சுஷில் குமார் 5 கோடிக் கேள்வியை ஆடி வெல்லவில்லையா என்று கேட்கலாம். வென்றார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒருவர் ஆற்றை நீந்திக் கடந்தார் என்பதால் அந்த இடத்தில் பாலம் வேண்டாம் என்று ஆகிவிடாது.

என்ன செய்யலாம்? என் யோசனைகள் மூன்று.

முதலாவது, முக்கியமானது: உச்சிக் கேள்வியில் பங்கு வைத்து ஆடும் வசதி. இப்போது 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்ற முறை. அதற்குப் பதில், 1 கோடியில் எவ்வளவை ஆட்டத்தில் வைப்பது என்று ஆட்டக்காரரே சொல்லட்டும்: கால், அரை, முழுசு. வைத்த பணம் ஏழு மடங்காகும், அல்லது போய்விடும். மீதி அவருடையது. 25 லட்சம் வைத்தால், வென்றால் மொத்தம் 2.5 கோடி; தோற்றால் கையில் 75 லட்சம். இப்போது அதே கணக்கைப் போடுங்கள். 5 லட்சக்காரருக்குத் தேவையான நம்பிக்கை 57-இலிருந்து 23 சதவீதமாக இறங்குகிறது. 5 கோடிக்காரருக்கு 16. இடைவெளி முழுசாக மறையவில்லை, ஆனால் இருவருமே ஆடக்கூடிய இடத்துக்கு வந்துவிட்டார்கள். அரைப் பங்கு வைத்தால் 5 லட்சக்காரருக்கு 32 சதவீதம் போதும். 'இரண்டில் ஒன்று' என்ற நிலையில் இருப்பவர் துணிந்து ஆடலாம்.

இரண்டாவது: பாதுகாப்புப் படியை ஆட்டக்காரரே வைத்துக்கொள்ளட்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2018-இல் இங்கிலாந்தில் ஜெரமி கிளார்க்சனோடு மீண்டும் வந்த மூல நிகழ்ச்சியில் இரண்டாவது பாதுகாப்புப் படி எது என்பதை ஆட்டக்காரர்தான் முடிவு செய்கிறார். ஜெர்மனியில் 2007 முதல், இரண்டாவது பாதுகாப்புப் படியை விட்டுக்கொடுத்தால் நான்காவது லைஃப்லைன் கிடைக்கும். இரண்டு முறையிலும் ஆட்டக்காரரின் சூழ்நிலைக்கு விளையாட்டு கொஞ்சம் வளைந்துகொடுக்கிறது. கேபிசியும் 2022-இல் இந்தப் பக்கம் ஒரு நல்ல அடி வைத்தது. சுதந்திரத்தின் 75 ஆண்டை ஒட்டி 75 லட்சத்தில் ஒரு படி வந்தது. அதைத் தொட்டவர் 1 கோடிக் கேள்வியில் தவறினாலும் 75 லட்சம் நிச்சயம். கொண்டாட்டத்துக்காகச் செய்ததோ என்னவோ, என் பார்வையில் பல வருஷங்களில் நடந்த மிகச் சரியான திருத்தம் அதுதான்.

மூன்றாவது, சின்னது: ஃபாஸ்டஸ்ட் ஃபிங்கர். விரல் வேகத்தில் தோற்றவர்கள் சும்மா உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். ஹாட் சீட்டில் ஓடும் கேள்விகளுக்கு அவர்களும் தங்கள் இடத்திலிருந்தே விடை அழுத்தட்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு அடுத்த வாய்ப்பு. மென்பொருள்காரனாகச் சொல்கிறேன், அந்தப் பொத்தான்கள் ஏற்கெனவே அவர்கள் முன்னால் இருக்கின்றன.

முதல் யோசனைக்கு இரண்டு மறுப்புகள் வரும். 'சேனலுக்குச் செலவு கூடுமே?' கூடும். 40 சதவீத நம்பிக்கையோடு ஒருவர் 25 லட்சம் வைத்து ஆடினால், சேனல் சராசரியாக 1.45 கோடி தர வேண்டியிருக்கும். விலகினால் 1 கோடிதான். ஆனால் ஒரு சீசனில் 1 கோடியைத் தொடுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்தக் கூடுதல் பணத்துக்கு நிஜமாகவே ஆடப்படும் ஒரு உச்சக்கட்டம் கிடைக்கிறது. இப்போது கிடைப்பது பெரும்பாலும் 'ஆடியிருந்தால்' என்ற கற்பனைக் காட்சி.

இரண்டாவது மறுப்பு என் மனைவியுடையது: "பங்கு, மடங்குன்னு வந்தா சூதாட்டம் மாதிரி ஆயிடாதா?" யோசிக்க வேண்டிய கேள்வி. ஆனால் முழு 1 கோடியையும் ஒரே விடையில் வைக்கச் சொல்வதுதான் பெரிய சூதாட்டம் என்பது என் கட்சி. அவளை இன்னும் சமாதானப்படுத்த முடியவில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில் 2020 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா 1 கோடி வென்றார். காது கேளாத, பேச இயலாத பெண். அங்கே 1 கோடிதான் உச்சி. அவர் கடைசிக் கேள்வியை ஆடித்தான் வென்றார். அன்று எங்கள் வீட்டில் அம்மா "எந்திரிச்சுரு" என்று சொல்லவே இல்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ரசிகனாக எனக்கு வேண்டியது அந்த மாதிரி இரவுகள் இன்னும் கொஞ்சம் அதிகமாக வர வேண்டும் என்பதுதான்.

5 லட்சம், 5 கோடி என்பவை நானாக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் சேமிப்பைப் போட்டு ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். 57-க்குப் பக்கத்தில் வருகிறதா, 20-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று தெரிந்துகொள்வது அவ்வளவு சுகமாக இருக்காது. என் கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.