மேடம் மெர்லை ரசிப்பது எப்படி?

வஞ்சகியை அவள் பிரவேசிக்கும்போதே இனங்கண்டு, கதை முடிவில் அவள் தண்டனை பெறுவதைப் பார்த்துத் திருப்தியடைந்து பழகிய வாசகர்கள், ஹென்றி ஜேம்ஸ் 1881-இல் நூலாக வெளியிட்ட 'தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி' என்ற நாவலில் வரும் மேடம் மெர்லிடம் அந்தப் பழக்கத்தைக் கொண்டு சென்றால் ஏமாந்தே திரும்புவார்கள். இவளை ரசிக்க இரண்டு வாசிப்புகள் வேண்டும்.

முதல் வாசிப்பில், இஸபெல் ஆர்ச்சர் என்ற இளம் அமெரிக்கப் பெண்ணின் கண்களை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டன்கோர்ட் மாளிகையின் எஜமானர் மரணப்படுக்கையில் கிடக்க, எங்கிருந்தோ வரும் பியானோ இசையைத் தேடிச் செல்லும் அவளுக்கு, வாசிக்கும் சீமாட்டியின் முதுகுதான் முதலில் தரிசனமாகிறது. அந்த இசையிலும், பின்னர் அவளுடைய சம்பாஷணையிலும், சித்திரத்திலும், பூத்தையல் வேலையிலும் இஸபெல் சொக்கிப்போவது போலவே நாமும் சந்தேகமின்றிச் சொக்கிப்போவது உத்தமம். அந்த மயக்கத்தை அனுபவியாதவருக்குப் பின்னால் வரும் விழிப்பின் வேதனை விளங்காது.

இரண்டாம் வாசிப்பு, ரகசியம் தெரிந்த பிறகு. இஸபெலுக்கு 70,000 பவுன் ஆஸ்தி வந்ததும், அவளைக் கில்பர்ட் ஆஸ்மண்டுக்கு மனைவியாக்கச் சூத்திரக்கயிறு இழுத்தவள், அவனுடைய முன்னாள் காதலி. அவன் மகள் பான்ஸியைப் பெற்ற தாய். இதை ஜேம்ஸ் முதலில் சொல்லால் உணர்த்தவில்லை. ரோமாபுரி வீட்டுக்குள் இஸபெல் நுழையும்போது, மேடம் மெர்ல் நிற்கிறாள், ஆஸ்மண்ட் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான், இருவரும் மௌனமாயிருக்கிறார்கள், அவ்வளவே. சீமாட்டி நிற்க ஆடவன் எழாமலிருப்பது அக்காலத்து மரியாதைக்கு முற்றிலும் விரோதமாகையால், அந்த ஒரு காட்சியே அவர்களுடைய பழைய அந்நியோன்னியத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிறிதொரு நாள், அவள் பத்திரமாகப் போற்றும் பீங்கான் கோப்பையைக் கையிலெடுத்து, அதில் ஏற்கெனவே விரிசல் இருப்பதாக ஆஸ்மண்ட் அலட்சியமாகச் சொல்கிறான். அவன் பழுது கண்டது கோப்பையில் மட்டுந்தானா என்று யோசித்துப் பாருங்கள்.

அவள் செய்தது பாதகமே. ஆனால் யாருடைய நல்வாழ்வை உத்தேசித்தும் அதைச் செய்தாளோ, தாயென்று அறியாத அந்த மகளே அவளைப் பிடிக்கவில்லை என்கிறாள். இதைவிடக் கொடிய தண்டனையை எந்த நீதிபதி விதிக்க முடியும்? நாவல் முழுவதையும் மறுபடி படிக்க அவகாசமில்லாதவர்கள், 18, 40, 49 ஆகிய மூன்று அத்தியாயங்களையாவது ஒரே மாலையில், அதே வரிசையில் படியுங்கள்.