வில்லங்கச் சான்று இல்லாத விண்மீன்

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர்கூட மூலப்பத்திரம் பார்ப்பார், வில்லங்கச் சான்று எடுப்பார், பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று விசாரிப்பார். ஒரே மனையை இருவருக்கு விற்ற கதைகள் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதே மனிதர், மகளின் பிறந்தநாளுக்கு அவள் பெயரில் ஒரு நட்சத்திரம் என்று இணையத்தில் விளம்பரம் வந்தால் எதையும் விசாரிக்காமல் பணம் கட்டிவிடுகிறார்.

இந்த வியாபாரத்தில் பேர்பெற்றது 1979-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஸ்டார் ரெஜிஸ்ட்ரி. பெயர் அரசு அலுவலகம்போல ஒலிக்கிறது. ஆனால் அது தனியார் நிறுவனம். விண்மீன் பெயர்களை அங்கீகரிப்பது 1919-இல் உருவான சர்வதேச வானியல் ஒன்றியம். அது பெயர் விற்பதில்லை. நிறுவனம் விற்பது தன் சொந்த ஏட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். அதே விண்மீனை இன்னொரு நிறுவனம் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தால் தடுக்க எந்தச் சார்பதிவாளரும் இல்லை. 1998-இல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை ஸ்டார் ரெஜிஸ்ட்ரிமீது ஏமாற்று விளம்பரம் என்று நடவடிக்கை எடுத்தது.

வாங்குகிறவரின் அன்பில் குறையில்லை. வாழ்த்து அட்டையைப்போல ஒரு நினைவுப் பரிசு என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தச் சாக்கில் ஒரு பிள்ளை அண்ணாந்து பார்த்தால் நல்லதுதான். துக்கத்தில் இருப்பவரிடம் விற்கும்போதுதான் மனம் பதறுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் சான்றிதழும் கையுமாகத் தொலைநோக்கி அருகே வந்து நின்றால், உண்மையைச் சொல்ல வேண்டிய கொடுமை விற்றவருக்கு இல்லை. அங்கே நிற்கும் வானியல் ஆர்வலருக்கு. அங்கீகாரம் பெற்ற பெயர் அல்ல என்று சான்றிதழிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன?

பெயர் சூட்ட நேர்மையான வழிகள் உண்டு. 1861-இல் சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் போக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ‘ஆசியா’ என்று பெயர் வந்தது. 2019-இல் வானியல் ஒன்றியம் எச்டி 86081 என்ற விண்மீனுக்குப் பெயரிடும் வாய்ப்பை இந்தியாவுக்குத் தந்தது. இயற்பியலாளர் பிபா சௌதுரியின் நினைவாக அது ‘பிபா’ ஆனது. யாரும் விலை கொடுக்கவில்லை.

திருமுல்லைவாயில் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் அர்ச்சகர் பெயரோடு நட்சத்திரத்தையும் கேட்பார். நமக்கெல்லாம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, பங்கு போட்டுக்கொள்ளும் இருபத்தேழில் ஒன்று. மகள் ரோகிணியில் பிறந்தவளென்றால், மார்கழி மாலையில் மாடிக்கு அழைத்துப்போய்க் கிழக்கே காட்டலாம். அம்பத்தூர் எஸ்டேட் விளக்கு வெளிச்சத்தையும் மீறிச் செம்மஞ்சளாகத் தெரியும்.