கம்பியை எங்கே தொடுவது

2என்3055 முரட்டு டிரான்சிஸ்டர். ஆம்பியர் கணக்கில் மின்சாரத்தைக் கடத்தும். துல்லியம் மட்டும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.7 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். அதுவும் ஒரே அளவாக இராது. லோடு ஏறினால் கூடும். சூடு ஏறினால் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். 741 ஆப்-ஆம்ப் இதற்கு நேர் எதிர். நுட்பமாக ஒப்பிடும், ஆனால் 25 மில்லிஆம்பியரிலேயே திணறிப்போகும். இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டும் வோல்டேஜ் ரெகுலேட்டர், மின்னணுக் கலையின் அழகான படைப்புகளில் ஒன்று.

5.1 வோல்ட் ஜீனர் டயோடு ஆப்-ஆம்பின் பிளஸ் காலில் இருக்கிறது. ஆப்-ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. எமிட்டரில் வரும் வோல்டேஜில் சரிபாதியை இரண்டு சம ரெசிஸ்டர்கள் மைனஸ் காலுக்குத் திருப்பி அனுப்புகின்றன. பாதி 5.1 என்றால் முழுசு 10.2. எமிட்டர் அங்கேயே நிற்கிறது, பேஸ் 10.9-இல் இருக்கிறது.

லோடு திடீரென ஏறி, டிரான்சிஸ்டர் இன்னும் 0.1 வோல்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். எமிட்டர் இறங்கத் தொடங்கும். மைனஸ் கால் ஜீனருக்குக் கீழே போகும். ஆப்-ஆம்ப் பேஸை 11 வோல்ட்டுக்குத் தூக்கிவிடும். 741-இன் பெருக்கம் சுமார் 2 லட்சம் மடங்கு. ஆகவே, இதற்கு அதன் இரு கால்களுக்கும் இடையே அரை மைக்ரோவோல்ட் வித்தியாசம் போதும். கணக்குப்படி, அவுட்புட்டில் குறைவது ஒரே ஒரு மைக்ரோவோல்ட்!

டிரான்சிஸ்டரின் குறை என்னவென்று ஆப்-ஆம்புக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். முடிவில் வந்து சேர்ந்ததை மட்டும் பார்க்கிறது. 1927-இல் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் படகில் நாளிதழ்ப் பக்கத்தின் மேல் வரைந்த நெகட்டிவ் ஃபீட்பேக் இதுதான்.

ரெசிஸ்டருக்குப் போகும் அந்தக் கம்பியை எமிட்டரிலிருந்து எடுத்துப் பேஸில் வைத்தால் என்ன ஆகும்? அதே உதிரிகள், அதே ஜீனர். ஆனால் 0.7 வோல்ட் இழப்பும் அதன் ஏற்ற இறக்கமும் அப்படியே அவுட்புட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கம்பி தொட்ட இடத்தில்தான் ஆப்-ஆம்பின் காவல்; அதைத் தாண்டி நடப்பது அதன் கண்ணில் படாது.

1967-இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் கொண்டுவந்த 723 சிப்பை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுவது இதனால்தான். சுமார் 7.15 வோல்ட் ரெஃபரன்ஸும் ஒப்பிடும் ஆம்ப்ளிஃபையரும் அதன் உள்ளேயே உண்டு. ஆனால் மைனஸ் கால் தனியாக வெளியே வருகிறது. கம்பியை எங்கே தொடுவது என்பது அமைப்பவர் கையில். மூன்றே கால் கொண்ட 7805-இலோ அந்தக் கம்பி உள்ளுக்குள் முடிந்துவிடுகிறது.

அடுத்த முறை பவர் சப்ளை கட்டுகிறவர்கள், அந்தக் கம்பியைப் போர்டின் மூலையிலேயே முடித்துவிடாமல், லோடின் முனை வரை கொண்டுபோய்த் தொட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கும் நீள வயரின் இழப்பையும் ஆப்-ஆம்ப் சேர்த்தே சரிசெய்துவிடும்.