கப்பலுக்கு முந்திய இரயில்: புலம்பெயர்வு இலக்கிய வாசிப்பில் விடுபட்ட ஏடு

மலேசியத் தமிழரின் குடிபெயர்வைப் பற்றிப் பேச முற்படும் கட்டுரைகளும் பாடப்பகுதிகளும் பெரும்பாலும் 'கப்பலேறி வந்தவர்கள்' என்னும் தொடரோடு தொடங்குகின்றன. 'ரஜூலா' என்ற கப்பலின் பெயர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வாழும் முதியோரிடையே இன்றும் ஓர் உணர்வுச் சொல்லாகவே விளங்குகிறது. இவ்வகையில் கப்பல் நம் இலக்கியத்தின் தொடக்கப் படிமமாக நிலைபெற்றுவிட்டது. எனினும், உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்தோருள் பலருக்கு அந்நெடும்பயணம் கப்பலில் தொடங்கவில்லை, இரயிலில் தொடங்கியது. இம்முதற்கட்டத்தை நம் வாசிப்பில் மீட்டெடுப்பதால் விளையும் பயன் யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலான இருப்புப் பாதை 1861இல் திறக்கப்பட்டு, 1862இல் திருச்சிராப்பள்ளி வரை நீட்டிக்கப்பட்டது. காவிரிச் சமவெளியின் உழைப்பாளர்களைத் துறைமுகத்தோடு இணைத்த பாதை இதுவே. பிற்காலத்தில் மலாயா செல்வோருக்கான முகாம்கள் நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு மேற்கேயுள்ள ஆவடியிலும் அமைந்தன. இவ்விரண்டும் இருப்புப் பாதை தொட்ட ஊர்கள் என்பது தற்செயலன்று.

தோட்ட நிருவாகம் வழங்கிய உரிமச் சீட்டுடன் ஊர் திரும்பிய கங்காணி, தம் உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டிக் குழுவாக அழைத்து வந்தார். 1907இல் நிறுவப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி, முதலாளிகளிடம் வரி பெற்றுப் பயணச் செலவை ஏற்றது. உதவி பெற்ற தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை இம்முறை நீடித்தது. ஆகவே, ஒருவர் கடலைக் காணுமுன்னரே அவர் ஒரு குழுவின் உறுப்பினராகவும், ஓர் ஏட்டின் பதிவாகவும் மாறியிருந்தார்.

மூன்றாம் வகுப்புப் பெட்டி

அக்காலப் பெட்டி எத்தகையது என்பதற்குக் காந்தியடிகள் 1917இல் எழுதிய மூன்றாம் வகுப்புப் பயணம் பற்றிய கட்டுரை சான்றாகிறது. பம்பாயிலிருந்து சென்னைக்கு இந்தியாவின் குறுக்கே பயணம் செய்த அவர், 22 பேருக்கென ஒதுக்கப்பட்ட பெட்டியில் பயணத்தின் பெரும்பகுதியில் 35 பேர் இருந்ததைப் பதிவு செய்கிறார். கங்காணியின் குழு சென்ற பெட்டியும் இவ்வகுப்பினதாகவே இருந்திருக்கும் எனக் கொள்வது பொருந்தும். ஊரில் தெருவால் பிரிந்திருந்தோர் ஒரே பலகையில் நெருங்கி அமரும் கட்டாயத்தை அப்பெட்டி ஏற்படுத்தியிருக்கும். தோட்டத்து லயங்களில் பின்னர் நாம் காணும் கூட்டு வாழ்வும், அதனுள் மறையாது நின்ற சாதி வேறுபாடும் இங்கேயே எதிர்கொள்ளத் தொடங்கின எனக் கருத இடமுண்டு.

கப்பல் முதன்மை பெற்றதற்குக் காரணம் இல்லாமலில்லை. கடற்பயணம் பல நாள் நீடித்தது. நோயும் இறப்பும் அதனுடன் வந்தன. திரும்ப இயலாமை என்னும் உணர்வைக் கடலே தந்தது. ஆயினும் கடலை மட்டும் முன்னிறுத்தும்போது, புலம்பெயர்வு விதியின் செயலாகத் தோற்றமளிக்கிறது. இரயிலை முன்னிறுத்தினால் உரிமம், பயணச் சீட்டு, முகாம், பெயர்ப்பட்டியல் ஆகியவை கண்ணுக்குப் புலனாகின்றன. அலை கொண்டு வந்து சேர்த்தது என்று பாடுவதற்கும், ஒரு நிருவாக அமைப்பு கொண்டு வந்தது என்று எழுதுவதற்கும் வேறுபாடு பெரிது.

நாவல்களில் இரயில்

அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' தோட்ட வாழ்வையே தன் களமாகக் கொள்கிறது. இரயில் நம் நாவலின் மையப்பொருளாக உயர்வது சயாம் – பர்மா இருப்புப் பாதையைப் பாடுபொருளாகக் கொண்ட படைப்புகளில்தான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 1942–43இல் சப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரை இரயிலேற்றிச் சயாமுக்குக் கொண்டு சென்றனர். இந்நாவல்களைப் போர்க்கால ஆவணங்களாக மட்டும் வாசிப்பது நம் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது.

இவற்றை முந்திய இரயிலோடு சேர்த்து வாசித்தால், ஆள் திரட்டல், பெட்டி, முகாம், வேலைத்தளம் என்னும் அதே வரிசை மீண்டும் நிகழ்வதை உணரலாம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும். முன்னதில் வறுமை உந்திய இசைவு இருந்தது. பின்னதில் வஞ்சகமும் வன்முறையும் இருந்தன. ஆனால், தந்தையர் ஏறிய இரயிலின் நினைவு மக்கள் ஏறிய இரயிலின் அச்சத்தை எவ்வாறு கூர்மைப்படுத்தியது என்ற வினாவை நாம் இதுவரை போதிய அளவு எழுப்பவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் சான்று

கடல் கடந்த பின்னும் இரயில் முடியவில்லை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் வடகரையான புக்கிட் கூடா வரை 1886இல் திறக்கப்பட்ட பாதை, 1890இல் ஆற்றைக் கடந்து கிள்ளானை அடைந்தது. பின்னர் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தோடு இணைந்தது. அங்கு இறங்கியோரை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற இப்பாதையில் தமிழரே தொழிலாளராக உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. அலுவலகங்களிலும் நிலையங்களிலும் யாழ்ப்பாணத் தமிழரும், தண்டவாளத்தில் தமிழகத் தொழிலாளரும் பணியாற்றினர். இரயில் நம்மை இணைத்ததோடு வகுப்பாகவும் பிரித்தது என்பதற்கு அவ்வட்டாரமே சான்று. 2001இல் அங்கே எழுந்த கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தைக் கடந்து செல்லும் மாணவர் எத்தனை பேர் இதனை அறிவர்?

முடிவுரை

இன்று இந்நாட்டுத் தமிழர் குழுவாகத் தலயாத்திரை செல்லும்போது வானூர்தியில் சென்னையில் இறங்கித் தம் சுற்றுலாவைத் தொடங்குகின்றனர். அவர்களுள் சிலர் நாகப்பட்டினம் நோக்கி இரயிலேறும்போது, தம் முன்னோர் ஊரைவிட்டுப் போன திசையிலேயே செல்கின்றனர். அதனை உணர்த்தும் கடமை ஆசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உண்டு. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்யும் மாணவர்கள் 'எந்தக் கப்பலில் வந்தார்கள்?' என்று வினவுகின்றனர். இனி, 'கப்பலுக்கு முன் எந்த நிலையத்தில், யாருடன் இரயில் ஏறினார்கள்?' என்றும் வினவட்டும். பெற்றோரிடம் கேட்டறிந்ததையேனும் சொல்லக்கூடியோர் குறைந்து வருகின்றனர், காலம் தாழ்த்துவதற்கில்லை.