லயத்து இருட்டும் தகரத்து மழையும்: வீடியோவுக்கு எந்த மிரர்லெஸ்?

கெமரா மதிப்புரைகளில் பெரும்பாலானவை நல்ல வெளிச்சமும் காய்ந்த தெருவும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் படப்பிடிப்பும் உள்ள ஊர்களை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. கேகாலை மாவட்டத்தில் வரக்காப்பொலையிலிருந்து ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று உள்ளே போகப் போக அந்த ஊர் இல்லை. தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும் றப்பர் காடு, உச்சி வேளையிலும் மங்கலான லயத்து அறை, தகரக் கூரை, அந்தி தொடங்கி விடியும் வரை ஓயாத கூத்து ஆகியவைதான் இங்கே உள்ளன. இந்த இடத்தை அளவுகோலாக வைத்தால் கெமராக்களின் வரிசை மாறிவிடுகிறது என்பதே என் வாதம்.

இந்த வட்டாரத்தில் வீடியோ எடுப்பவருக்கு இரண்டு விதமான வேலை இருக்கிறது. ஒன்று கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா. வயிற்றுப்பாடு அதில் நடக்கிறது. மற்றது இன்னும் சரியாகத் தொடங்கப்படாத வேலை: பெரியவர்களின் வாய்மொழியையும் காமன் கூத்து, அருச்சுனன் தபசு போன்ற ஆட்டங்களையும் முழுதாகப் பதிந்து வைப்பது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். எந்தக் குடும்பத்தில் யார் இந்தியாவுக்குக் கப்பலேறினார், யார் தங்கினார் என்று நேரில் கண்டு சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அது. 2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டை நினைவுகூர்ந்தோம். அந்த 200 ஆண்டில் நம்முடைய குரலாகப் பதிவாகி மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். ஆகவே இரண்டாவது வேலையைத்தான் இங்கே முதன்மையாக வைத்து எடைபோடுகிறேன்.

சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற ஆவணப்படம் பசில் ரைட் 1934இல் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’. தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்ட படம். காட்சிகள் இங்கே பிடிக்கப்பட்டன. ஒலி முழுவதும் லண்டனில் சேர்க்கப்பட்டது. உலக ஆவணப்பட வரலாற்றில் அதற்குள்ள இடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தேயிலைக்காக எடுத்த அந்தப் படத்தில் தோட்டத் தொழிலாளியின் உருவம் உண்டு, அவர் தன் கதையைத் தானே சொல்வது இல்லை. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் குரல் போனால் எது போகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

இனிக் கணக்கைப் பாருங்கள். லயத்து அறை 10க்கு 12 அடி. பாட்டி ஒருவர் சுவரோரம் அமர்ந்து பேசுகிறார், கெமரா எட்டு அடி தள்ளி இருக்கிறது, தகரத்தில் மழை விழுகிறது. கெமராவில் உள்ள மைக்குக்கு எட்டு அடி, அதாவது சுமார் 240 சென்டிமீற்றர். சேலைத் தலைப்பில் குத்திய மைக்குக்கு 20 சென்டிமீற்றர். தூரம் பன்னிரண்டில் ஒன்றாகிறது. கூரையின் இரைச்சல் அறை எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க, குரல் மட்டும் 20 டெசிபெலுக்கு மேல் எழும்புகிறது. எந்த விலை கொடுத்து எந்த கெமராவை வாங்கினாலும் இந்த 20 டெசிபெலை அது தராது. போயாவின் பீ.வை-எம்1 போன்ற ஆறு மீற்றர் வயர் உள்ள மலிவான மைக்கே தந்துவிடும்.

வயர் இல்லாமல் வேண்டுமென்றால் டீ.ஜே.ஐ. மைக் 2, ரோட் வயர்லெஸ் கோ 2 இரண்டையும் மற்றவற்றுக்கு மேலே வைப்பேன். காரணம் ஒன்றுதான்: உடலில் மாட்டும் சிறுபெட்டி தனக்குள்ளேயும் பதிவு செய்கிறது. அலைவரிசை அறுந்தாலும் பேச்சு போகாது. ஹொலிலாண்ட் லார்க் எம்2 பொத்தான் அளவுதான், வயதானவர்களுக்கு உறுத்தாது. ஆனால் அதற்கு இந்த உள்பதிவு கிடையாது. திரும்பக் கேட்க முடியாத ஒரு பேச்சை அதை மட்டும் நம்பி எடுக்க எனக்குத் துணிவு வராது. டீ.ஜே.ஐ. மைக் 2இன் உள்பதிவில் 32 பிட் ஃப்ளோட் முறையும் உண்டு. தப்பு மேளத்தின் அடி திடீரென்று உச்சத்தில் விழும்போது உடைந்துவிட்டது போலத் தோன்றும் ஒலியைப் பிற்பாடு மீட்டெடுக்க இது உதவும். கூத்துக்கு இது பெரிய வரம். எந்த மைக் ஆனாலும் கெமராவின் தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு தப்படிக்கும் பாட்டுக்காரர் அமுங்குவார், அடி ஓய்ந்தவுடன் காட்டிரைச்சல் பொங்கி வரும். உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கு அருகில் நிற்கும்படி கையால் வைத்து, மைக்கைத் தப்புக்காரரிடமிருந்து விலக்கிப் பாடுகிறவர் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

இதிலிருந்து கெமராவுக்கான முதல் சல்லடை தானாகக் கிடைக்கிறது. பதிவாகும் ஒலியை அங்கேயே ஹெட்போனில் கேட்க முடியாத கெமரா இந்த வேலைக்கு ஆகாது. 2023இல் வந்த கெனன் ஆர்50, 2022இன் நிக்கோன் இசட்30, இன்னும் பழைய கெமரா விற்பனையில் அடிக்கடி கண்ணில் படும் 2015இன் பெனசொனிக் ஜி7 ஆகிய மூன்றிலும் மைக் துளை உண்டு, ஹெட்போன் துளை இல்லை. ஆர்50இன் நிறமும் குவிமையமும் அருமையானவை, கல்யாண வீட்டில் அது யாரையும் ஏமாற்றாது. ஆனாலும் ஒரு பதிவு ஒரு மணி நேரத்துடன் நின்றுவிடும் என்ற கட்டுப்பாடும் அதற்குச் சேர்கிறது. மூன்றையும் ஒதுக்குகிறேன்.

மிஞ்சுகிறவற்றில் எடுத்துப் பேசத் தக்கவை மூன்று: 2021இன் சோனி இசட்.வி-ஈ10, 2017இல் வந்து இன்று பழையதாகக் கிடைக்கும் பெனசொனிக் ஜி.எச்.5, 2023இன் பெனசொனிக் எஸ்5 இரண்டாம் பதிப்பு.

வெளிச்சம் என்றவுடன் பலரும் ஃபுல் ஃப்ரேம் என்கிறார்கள். அதைத்தான் கொஞ்சம் நிதானமாக அளக்க வேண்டும். எஸ்5இன் சென்சர் பரப்பு சோனியின் ஏ.பி.எஸ்-சி சென்சரைப் போல 2.4 மடங்கு. ஏ.பி.எஸ்-சி, ஜி.எச்.5இன் சிறிய சென்சரைப் போல 1.6 மடங்கு. இப்போது லென்ஸ்: கெமராவுடன் கட்டிக் கொடுக்கும் எஃப் 3.5 லென்ஸைக் கழற்றிவிட்டு எஃப் 1.4 லென்ஸைப் போட்டால் உள்ளே வரும் ஒளி 6 மடங்குக்கு மேல். ஆக, சென்சரில் ஒரு படி ஏறுவதைவிட லென்ஸை மாற்றுவதில் கிடைப்பது அதிகம். செலவு பல மடங்கு குறைவு. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) கெனன் 7டியில் எடுக்கப்பட்ட படம். அதுவும் ஏ.பி.எஸ்-சி சென்சர்தான்; அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

சிக்மா 16 மில்லிமீற்றர் எஃப் 1.4 லென்ஸ் சோனிக்கும் ஜி.எச்.5க்கும் கிடைக்கிறது. அதே எட்டு அடியில் சோனி சுமார் 12 அடி அகலத்தைப் பிடிக்கும், ஜி.எச்.5 எட்டரை அடியை. லயத்து அறைக்குள் பாட்டியோடு அவர் பின்னாலிருக்கும் சாமிப் படமும் கதவும் சேர்ந்து வர வேண்டுமானால் இந்த மூன்றரை அடி பெரிய இடம்.

இங்கே ஒரு சிறிய அமைப்பு எல்லாவற்றையும் மாற்றும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கெமராவை என்.டி.எஸ்.சி.யில் விட்டு நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தால் டியூப்லைட்டும் மலிவான எல்.ஈ.டி. பல்பும் படத்தில் துடிக்கும். பால் முறைக்கு மாற்றி 25 ஃப்ரேம், ஷட்டர் 50இல் ஒன்று என்று வைத்தால் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். இசட்.வி-ஈ10 4கேயில் 30 ஃப்ரேம் எடுக்கும்போது சென்சரின் ஓரத்தை வெட்டுகிறது. 25இல் முழு அகலத்தையும் தருகிறது. மேலே சொன்ன 12 அடி 25 ஃப்ரேமுக்குத்தான் பொருந்தும். பகலில் இஸ்தோப்பு வாசல் வெளிச்சத்துக்கு முன்னால் ஒருவரை உட்கார வைத்தால் தானியங்கி அளவு வாசலை நம்பி முகத்தைக் கரியாக்கும். நம்முடைய கருத்த முகங்கள் இதில்தான் அதிகம் அடிபடுகின்றன. முகத்துக்கு அளவு வைத்துவிட்டு வாசலை வெளுக்க விடுங்கள். நீலமோ பச்சையோ பூசிய சுவரில் விளக்கைத் தட்டிவிட்டாலும் அந்த நிறம் முகத்தில் ஏறும். ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதில் தட்டுவது நல்லது.

அடுத்தது நேரம். மாசியில் நடக்கும் காமன் கூத்தின் கடைசி இரவு விடியும் வரை போகும், தகனத்தோடு முடியும். எட்டு மணி நேரத்தை 4கேயில் 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் 360 ஜிகாபைட். முழு எச்.டி.யில் 50 மெகாபிட் என்றால் அதில் பாதி. அசையாத அகலக் காட்சிக்கு இரண்டாவதே போதும் என்பது என் துணிபு. சோனியின் எஃப்.டபிள்யூ50 பெட்டரி 1020 மில்லியம்பியர்-மணிதான். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் பெரிது. இது உண்மையான குறை. ஆனால் பவர்பேங்கைச் செருகிக்கொண்டே இந்த கெமராவை ஓட்டலாம். ஜி.எச்.5இன் 1860 மில்லியம்பியர்-மணி பெட்டரி தாக்குப்பிடிக்கும், பதிவு நேரத்துக்குக் கட்டுப்பாடும் இல்லை, இரண்டு மெமரி கார்ட்டிலும் ஒரே சமயம் எழுதும். ஆனால் யூ.எஸ்.பி. வழியாக மின் ஏற்றிக்கொண்டே ஓடாது, அதற்கு டம்மி பெட்டரி வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இன்றும் இடிமழை வந்தால் தோட்டத்தில் கரண்ட் போகிறது. பவர்பேங்கில் ஓடுவது இங்கே ஆடம்பரம் இல்லை.

குறைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இசட்.வி-ஈ10இன் உடலுக்குள் அதிர்வைத் தாங்கும் அமைப்பு கிடையாது. கையில் பிடித்து நடந்தால் படம் குலுங்கும், வேகமாகத் திருப்பினால் தூண்கள் சாயும். நிறம் 8 பிட்தான், ஆகவே இருட்டில் எஸ்-லோக் எடுத்துப் பிறகு நிமிர்த்தலாம் என்ற ஆசை வேண்டாம். மழைக்கு எதிரான அடைப்பும் இல்லை. ஜி.எச்.5 இவற்றில் வெல்கிறது: நல்ல அதிர்வுத் தடுப்பு, உள்ளேயே 10 பிட், மழைத்தூறலைத் தாங்கும் உடல். தேரோடு நடந்து எடுக்கவும், சரிவில் பால்வெட்டுகிறவரின் பின்னால் மரத்துக்கு மரம் போகவும் அதுதான் சிறந்தது. அது தோற்பது தானியங்கிக் குவிமையத்தில். பேசுகிறவர் முன்னும் பின்னும் அசைந்தால் பின்னணி மூச்சுவிடுவது போல விரிந்து சுருங்கும். கையால் குவிமையம் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு குறையே இல்லை. கேள்வி கேட்பதும் கெமரா பார்ப்பதும் ஒரே ஆள் என்றால் பெரிய குறை.

எஸ்5 இரண்டாம் பதிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தருகிறது: பெரிய சென்சர், பெனசொனிக்கின் பழைய குவிமையக் குறையைத் தீர்த்த புதிய முறை, சூட்டைத் தள்ளும் விசிறி, தடையில்லாப் பதிவு. தரத்தில் மூன்றிலும் அதுவே முதல், ஐயமில்லை. ஆனால் வெளிவந்தபோது அதன் உடல் விலை 1999 டொலர், இசட்.வி-ஈ10 சுமார் 700. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்ட நாட்டில் இந்த 1300 டொலர் வித்தியாசம் சாதாரணக் காசில்லை. அந்தப் பணத்துக்குள் எஃப் 1.4 லென்ஸ், உள்பதிவு செய்யும் மைக், ட்ரைபொட், ஹெட்போன், பவர்பேங்க், கார்ட்டுகள் எல்லாம் அடங்கிவிடும். அவை இல்லாத எஸ்5ஐவிட அவை உள்ள இசட்.வி-ஈ10 நல்ல பதிவைத் தரும். கல்யாண வேலை மாதம் முழுக்க நிரம்பியிருப்பவர் எஸ்5 வாங்கட்டும், அது தன் விலையைத் தானே ஈட்டும்.

கிம்பலை நான் சிபாரிசு செய்யவில்லை. டீ.ஜே.ஐ. ஆர்.எஸ்.3 மினி 2 கிலோ வரை தாங்கும், நல்ல பொருள். ஆனால் சேற்றுச் சரிவில் அட்டைக்கு நடுவே அதைச் சமநிலைப்படுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் பால்வெட்டு முடிந்துவிடும். அதன் மோட்டார்களுக்கும் மழை ஆகாது. அந்தக் காசைத் திரவத் தலை உள்ள ட்ரைபொட்டில் போடுவது மேல். போன் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நல்ல மைக் மாட்டிய போன், மைக் இல்லாத கெமராவைவிட மேல். பகலில் அரை மணி நேரப் பேச்சுக்கு அதுவே போதும்.

ஈரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மழையடைப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அடைப்பு நீர்த்துளியைத் தடுக்கும், காற்றின் ஈரப்பதத்தைத் தடுக்காது. கேகாலைக் காற்றில் அலுமாரிக்குள் பையோடு கிடக்கும் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், அது எந்தக் கம்பனி என்று பார்க்காது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி ஆகிய மூன்றும் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். பழைய லென்ஸ் வாங்கும்போது பின்புறமிருந்து போன் டோர்ச்சை அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

ஆக என் தீர்ப்பு: தனியாளாக வாய்மொழியும் கூத்தும் பதிகிறவருக்கு சோனி இசட்.வி-ஈ10, சிக்மா 16 மில்லிமீற்றர் லென்ஸோடும் உள்பதிவு மைக்கோடும். கெமரா பிடிக்க ஒருவரும் பேச்சுக் கொடுக்க ஒருவருமாக இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்குக் கைக்குவிமையம் பழக்கம் என்றால் பழைய ஜி.எச்.5, டம்மி பெட்டரியை அன்றே சேர்த்து வாங்கிவிட வேண்டும். கையில் உள்ள காசு எதற்கும் முழுதாகப் போதவில்லை என்றால் வாங்கும் வரிசை மைக், ஹெட்போன், ட்ரைபொட், லென்ஸ், கடைசியாக கெமரா. முதல் மூன்றும் கையில் இருந்தால் போனைக் கொண்டே இந்த மழைக்காலத்துக்குள் பேச்சுகளை எடுக்கத் தொடங்கிவிடலாம்.