முள்ளை நகர்த்தினால் மாலை நீளுமா?

நவம்பர் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் சூரியன் மறைவது ஏறக்குறைய 5.40-க்கு. ஐந்தரைக்கு ஜெனரல் ஷிஃப்ட் விடும் ஆலையிலிருந்து கிளம்பினால், சிப்காட் சாலையைத் தாண்டி ரயில் நிலையம் சேர்வதற்குள் இருட்டிவிடும். லாரி வெளிச்சத்தில் மழைக்குழிகளைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும் பெண்களைக் கண்டால், கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் வைத்தால் என்ன என்று தோன்றும்.

அந்த எண்ணம் புதிதல்ல. 1916-ல் ஜெர்மனி நாடு முழுவதும் அப்படிச் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியாவின் கடிகாரமும் ஒரு மணி நேரம் முந்தியே ஓடியது. வேலை விட்டபின் வெளிச்சம் மிஞ்சும், விளக்கேற்றும் நேரம் தள்ளிப்போகும், மாலை நேர மின்சுமை குறையும்: இவை மறுக்க முடியாத நன்மைகள்.

ஆனால் அந்த ஏற்பாடு நம் மண்ணுக்குப் பொருந்தாது. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். சேமிக்க இங்கே மிச்சப் பகல் இல்லை. அதைவிடப் பெரிய குறை, பருவம் தலைகீழாவது. மேலைநாட்டு முறைப்படி கோடையில் முள்ளை முன்னே தள்ளி, குளிர்காலத்தில் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் எப்போது வெயில் தாழும் என்று காத்திருப்பவருக்குக் கூடுதல் வெயில். வெளிச்சம் தேவைப்படும் கார்த்திகை, மார்கழியில் பழைய இருட்டு. காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவரோ சூரியக் கணக்கில் இன்னும் ஒரு மணி நேரம் முன்பே எழ வேண்டும்.

இலங்கையும் கடிகாரத்தை முன்னே தள்ளிப் பார்த்தது. வறட்சியால் நீர்மின்சாரம் குறைந்த 1996-ல், மே மாதம் ஒரு மணி நேரம் முன்னே வைத்து, அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது.

நாட்டின் கடிகாரத்தைத் தொடாமலே நமக்கு வழி இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை ஜெனரல் ஷிஃப்டை அரை மணி நேரம் முன்னால் தொடங்கி, முன்னால் விடலாம். நிறுவனப் பேருந்தும் அதற்கேற்ப ஓட வேண்டும்; ஆலை வாசலிலிருந்து நிலையம் வரை தெருவிளக்கு எரிய வேண்டும். நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் அடுத்த மழைக்காலத்துக்குள் உட்கார்ந்து பேசி இதை முடிவு செய்யட்டும்.