ஒன்பது பலகைகளில் ஒரு வடதேசம்

'கார்ட்டா மரினா'வைப் பூதக்கண்ணாடி இல்லாமல் பார்க்க உட்காரக் கூடாது. 1539இல் வெனிஸில் அச்சான இந்த வரைபடத்தில் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து என வட ஐரோப்பா முழுவதும் ஊர்களோடும் மனிதர்களோடும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

வரைந்தவர் ஓலாஸ் மாக்னஸ், ஸ்வீடனின் கத்தோலிக்கப் பாதிரியார். நாடு லூதரின் சீர்திருத்தச் சமயத்தின் பக்கம் சாய்ந்ததால் திரும்ப முடியாமல் போனவர். இழந்த மண்ணை அவர் 12 ஆண்டுகள் உழைத்துத் தாளில் மீட்டெடுத்தார்.

ஒன்பது மரப்பலகைகள், சேர்த்தால் சுமார் 1.7 மீட்டர் அகலம். மர அச்சில் கோடுகளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மரத்தைத்தான் செதுக்கி எடுக்க வேண்டும். எழுத்துகள் உட்பட எல்லாமே கண்ணாடிப் பிம்பமாக இடவலம் மாறி. அப்படிச் செதுக்கியும் பனிச்சறுக்கில் வில்லோடு விரையும் வேடர்கள், கலைமான் இழுக்கும் வண்டி, உறைந்த கடல்மீது மோதும் படைகள், ரூனிக் என்ற பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளைத் தூக்கி நிற்கும் பழங்கதை வீரன் ஸ்டார்க்காடர் என்று ஒவ்வொன்றும் துல்லியம். வரலாறும் வதந்தியும் ஒரே உளியில்!

கடல்தான் பெருவிருந்து. திமிங்கிலத்தைத் தீவென்று நம்பி அதன் முதுகில் அடுப்பு மூட்டும் மாலுமிகளை ரசிக்காதவர் யார்? ஆனால் ஐஸ்லாந்துக்குத் தென்கிழக்கே அவர் போட்ட சுழல்கோடுகளை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. அவை அங்குள்ள உண்மையான நீரோட்டச் சுழல்களோடு பொருந்துவதாகக் கடலியல் ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

பிறகு வரைபடம் காணாமலே போனது. 1886இல் மியூனிக் நூலகமொன்றில் ஒரு பிரதி அகப்பட்டது. 1960களில் கிடைத்த இன்னொன்று இப்போது உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.